சாதாரண தரத்திலும் உடற்கல்வி கட்டாயமாக வேண்டுமா?

1. நாவற்குடா அம்மா
சனி, மாலை 6.40

என் மகள் தரம் 9. வருகிற வருடம் சாதாரண தர வகுப்பு. போன கிழமை பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வந்தது. சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றும் தொகுதிப் பாடங்கள், ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைத் தெரிய வேண்டும். தரம் 6இல் இருந்து 9 வரை எல்லாப் பிள்ளைக்கும் இருந்த சுகாதாரமும் உடற்கல்வியும், தரம் 10 வந்ததும் மூன்றாவது தொகுதிக்குள் போய் நிற்கிறது. தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், ஊடகம் எல்லாம் அதே தொகுதிக்குள்தான். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும்.

மகள் முதலில் உடற்கல்விக்கு நேரே அடையாளம் போட்டிருக்கிறாள். அப்புறம் அழித்திருக்கிறாள். றப்பர் தேய்த்த இடம் தாளில் கறுப்பாகத் தெரிகிறது. ஏன் மகள் என்று கேட்டேன். "கெட்டிக்காரப் பிள்ளைகள் அதை எடுக்க மாட்டார்களாம் அம்மா" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நான் படித்த காலத்திலும் இதே கதைதான்.

அன்றிரவு அவளுடைய நேரசூசியை எடுத்துப் பார்த்தேன். கிழமைக்கு இரண்டு பாடவேளை உடற்கல்வி என்று இருக்கிறது. இந்தத் தவணையில் எத்தனை நாள் மைதானத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணினாள். ஒரு கையே போதுமாக இருந்தது. மற்ற நாட்களில் அந்த நேரம் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போய்விடுகிறதாம்.

உடற்கல்வியைச் சாதாரண தரம் வரை, முடிந்தால் உயர்தரம் வரையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினால் என்ன? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற பெற்றோரும் ஆசிரியர்மாரும் சொல்லுங்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

2. புளியந்தீவுக்காரன்
சனி, இரவு 7.15

கட்டாயம் வேண்டும் தங்கச்சி. இதில் கதைக்க என்ன இருக்கிறது? பிறகு வந்து விரிவாக எழுதுகிறேன்.

3. கணித ஆசிரியர், பட்டிருப்பு வலயம்
சனி, இரவு 9.50

கதைக்க நிறைய இருக்கிறது ஐயா. உடற்கல்விப் பாடவேளையை வாங்கிக் கணிதம் எடுக்கிறவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் பக்கம் மூன்றாம் தவணை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கார்த்திகையில் அடைமழை தொடங்கும். வாவி பெருகி வயல்வெளியும் வீதியும் ஒன்றாகும். பள்ளிக்கூடம் பூட்டு. சில வருடங்களில் பள்ளிக்கூடமே இடைத்தங்கல் முகாமாக மாறி, நாங்கள் வகுப்பறையைத் திரும்பக் கழுவித்தான் எடுக்கிறோம். போன நாட்களை யாரும் திருப்பித் தருவதில்லை. பாடத்திட்டத்தில் ஒரு அலகுகூடக் குறைவதில்லை.

என் வகுப்பில் 34 பிள்ளைகள். ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீடு ஒன்பது. மற்றவர்களின் அப்பாமார் கூலிக்கு வயல் செய்கிறார்கள், மண் ஏற்றப் போகிறார்கள். ஐந்தாறு பிள்ளைகளின் அம்மாமார் மத்திய கிழக்கில். பிள்ளை அம்மம்மாவோடு. அந்த 25 பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒரே மேலதிக வகுப்பு, நான் கேட்டு வாங்குகிற அந்த 40 நிமிடம். கணிதத்தில் சித்தி இல்லாமல் வெளியே போகிற பிள்ளைக்கு உயர்தரத்தில் எத்தனை கதவு அடைபடுகிறது என்று ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெறுபேறு வந்த அன்று வீட்டு வாசலில் நின்று அழுத பிள்ளைகளின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று, நான்கு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள். வீட்டுக்குப் போனால் தண்ணீர் அள்ளுகிறார்கள், மாடு சாய்க்கிறார்கள், வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலில் நிற்கிறார்கள். வாசலில் வான் வந்து ஏற்றிப் போகிற நகரத்துப் பிள்ளைக்கு எழுதிய மருந்தை இவர்களுக்கும் ஏன் கட்டாயமாகப் பருக்க வேண்டும்? கட்டாயம் என்று கொழும்பில் எழுதினால் அதன் விலையை இந்தப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.

4. தரம் 12, வர்த்தகப் பிரிவு
சனி, இரவு 10.20

நான் மாணவன். ஓ.எல்லில், அதுதான் சாதாரண தரத்தில், உடற்கல்வி எடுத்து ஏ வாங்கினேன். இரண்டு வருடத்தில் கூடைப்பந்தைக் கையால் தொட்ட நாட்கள் குறைவு. பந்து இருந்த அறைக்குப் பூட்டு, திறப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் நோட்ஸ் எழுதினோம். தசைகளின் பெயர், விற்றமின்களின் பெயர், திடல்களின் அளவு.

கட்டாயமாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தயவுசெய்து அதற்கு ஒரு பரீட்சை வைக்காதீர்கள். பரீட்சை வைத்தால் அடுத்த மாதமே அதற்கும் ரியூசன் வகுப்பு தொடங்கிவிடும்.

5. படுவான்கரை சேர்
ஞாயிறு, காலை 6.10

நான் உடற்கல்வி ஆசிரியர். வாவிக்கு மேற்கே ஒரு பாடசாலையில் 11 வருடமாக இருக்கிறேன்.

கணித சேர், நீங்கள் கேட்டால் நான் பாடவேளையைத் தந்துவிடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் தந்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் பாடம் எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வரிசையில் மைதானத்துக்கு வர எட்டு நிமிடம். திரும்பிப் போய்க் கைகால் கழுவ இன்னொரு எட்டு நிமிடம், ஏனென்றால் தண்ணீர்க் குழாய் இரண்டுதான். மிஞ்சுவது 24 நிமிடம். வகுப்பில் 38 பேர். என்னிடம் இருக்கிற நல்ல பந்து மூன்று. மைதானத்தின் ஒரு பக்கம் மாடு கட்டியிருக்கும். மழைக்காலத்தில் நடுவில் குளம்போல நிற்கும். போன வருடம் யானை வந்து மதிலை உடைத்ததில் இரண்டு கிழமை பிள்ளைகளை வெளியே விடவே பயம்.

இதற்குள் தை, மாசி வந்தால் இல்ல விளையாட்டுப் போட்டி. அதுதான் என் வருடத்தின் பெரிய வேலை. கூடாரம், கொடி, இல்ல அலங்காரம், ஒலிபெருக்கி, அதிதிகளுக்கு மாலை, எல்லாம் நான். அந்த ஏழு எட்டுக் கிழமையும் கிட்டத்தட்ட 60 பிள்ளைகளைப் பழக்குகிறேன். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று அவர்களைத்தான் கூட்டிப்போகிறேன். என் பாடசாலையில் 420 பிள்ளைகள். மற்ற 360 பேரும் அன்றைக்கு இல்ல நிற ரீசேட் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் இருந்து கத்துவார்கள். தரம் 6இல் சேர்ந்து தரம் 11 முடிக்கிற ஒரு பிள்ளை ஆறு இல்ல விளையாட்டுப் போட்டி பார்த்திருக்கும், ஒன்றில்கூட ஓடியிருக்காது. அந்தப் பிள்ளையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. எத்தனை சான்றிதழ் வந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

தம்பி சொன்ன நோட்ஸ் கதையும் உண்மை. கரப்பந்தாட்டம் 1991இல் இருந்து எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், வலை ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். என் பிள்ளைகளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சேவிஸ் வலையைத் தாண்டிப் போடச் சொன்னால் பத்துப் பேருக்கு ஒருவர் போடுவார். நானும் படிப்பித்தேன் என்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறேன்.

ஆகவே என் பதில் இதுதான். தரம் 6 தொடக்கம் 9 வரை உடற்கல்வி இப்போதே கட்டாயம். அந்தக் கட்டாயம் தாளில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை. முதலில் இருக்கிற கட்டாயத்தை உண்மையாக்குங்கள். பாடவேளையை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அதிபர் சொல்ல வேண்டும். அப்புறம் தரம் 10, 11க்கும் தொகுதிக்கு வெளியே, பரீட்சை இல்லாத இரண்டு பாடவேளை வையுங்கள்.

சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை சேர். ஆனால் உங்கள் வகுப்பில் சைக்கிளில் வருகிறவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருமுறை பாருங்கள். அதோடு, மாடு சாய்ப்பது வேலை. நான் சொல்வது விளையாட்டு. வேலை செய்து களைத்த பிள்ளைக்குத்தான் அது கூடத் தேவை என்பது என் அனுபவம்.

6. சாய்ந்தமருது ராத்தா
ஞாயிறு, காலை 11.30

சேர் சொன்ன பெண் பிள்ளைகள் விசயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது பெண்கள் பாடசாலை. இப்போது 39 வயது. தரம் 7 படிக்கும்போது உடற்கல்விக்கு ஒரு ரீச்சர் வந்தா. வலைப்பந்துக் கம்பம் இரண்டு நட்டு, எல்லாரும் கட்டாயம் நிற்க வேண்டும் என்று சொன்னா. நான் போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்கு விருப்பம் இல்லை, வாப்பாவுக்கு அதைவிட இல்லை. ஆனால் "பாடமாம், கட்டாயமாம்" என்றதும் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்துக்கு உறை போட்டுத் தருகிற மாதிரி, உம்மா எனக்கு நீளக் காற்சட்டை ஒன்று தைத்துத் தந்தா.

தரம் 10இல் அது விருப்பப் பாடம் ஆனது. அப்போது நான் வீட்டில் கேட்க வேண்டி வந்தது. கேட்டேன். வேண்டாம் என்றார்கள். எங்கள் வகுப்பில் 30க்கு மேல் பிள்ளைகள், அந்தப் பாடம் எடுத்தது நான்கு பேர். வலைப்பந்துக் கம்பம் துருப்பிடித்தது.

கட்டாயம் என்ற சொல் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி, எங்களுக்கு வேறு மாதிரி. ஆண் பிள்ளை பாடசாலை விட்டதும் கடற்கரையில் பந்தடிக்கும். கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு நிலம் இருக்கிறது. பக்கத்து நிந்தவூர்ப் பொடியன்கள் கபடியில் இலங்கை அணி வரைக்கும் போனார்கள், சந்தோசம். அவர்கள் பழகிய மணலில் ஒரு பெண் பிள்ளை இறங்க முடியுமா? எங்களுக்கு ஓடுவதற்கு ஒரே இடம் பாடசாலை மதிலுக்கு உள்பக்கம். ஒரே நேரம் அந்தப் பாடவேளை. அது கட்டாயமாக இருந்த காலத்தில் நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. விருப்பம் என்று மாற்றியதும் அந்த விருப்பம் என்னுடையதாக இருக்கவில்லை.

உடுப்புப் பிரச்சினை என்று இன்னும் சொல்கிறார்கள். உலகக் காற்பந்துச் சம்மேளனம் தலையை மூடி விளையாட 2014இலேயே அனுமதித்துவிட்டது. கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் அனுமதித்தது. வெளியில் அந்தத் தடை போய்விட்டது. எங்கள் ஊரில் வேண்டியது பெண் ஆசிரியை, றோட்டுக்குத் தெரியாத ஒரு மறைப்பு, உடுப்பு மாற்ற ஒரு அறை, ஒழுங்கான கழிப்பறை. மாதவிடாய் நாட்களில் மைதானத்துக்குப் போகவே கூசுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் கட்டாயம் என்று சொன்னால் அவர்கள் அன்றைக்குப் பாடசாலைக்கே வர மாட்டார்கள். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாவற்குடாத் தங்கச்சி, உங்கள் மகள் போட்ட அடையாளத்தை அழிக்க விடாதீர்கள்.

7. கல்லாற்றுத் தம்பி
ஞாயிறு, பகல் 12.05

ராத்தா, கடைசி வரிகள் வாசித்து என் தங்கச்சியை நினைத்தேன். அவளுக்கும் அனுப்பிவிட்டேன்.

8. மரத்தடி
ஞாயிறு, மாலை 4.45

எல்லோரும் கட்டாயம் என்கிறீர்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் மெலிந்தது. தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு உடற்கல்விப் பாடவேளையும் நான் மைதானத்து வேப்பமரத்தடியில்தான் இருந்தேன். மற்றவர்களின் மணிக்கூடு, செருப்பு, கண்ணாடி எல்லாம் என் மடியில். யாரும் என்னை ஏசியதில்லை, அடித்ததில்லை. "நீ இதைப் பார்த்துக்கொள்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த மரத்தடியில் ஆறு வருடம்.

பாடசாலைக்குச் சொந்தமாகப் பந்து உண்டு, மைதானம் உண்டு, ஆசிரியர் உண்டு. அந்த ஆசிரியர் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து "உன்னால் என்ன ஏலும்" என்று கேட்டிருந்தால் போதும். குண்டு போட ஏலும் என்று சொல்லியிருப்பேன். கை எனக்குப் பலம். 18 வயதில் மாமா ஒருவர் வாவியில் நீந்தப் பழக்கினார். தண்ணீருக்குள் கால் ஒரு பொருட்டே இல்லை என்று அன்றுதான் கண்டேன். இன்றும் கிழமையில் நான்கு நாள் நீந்துகிறேன்.

ஆகவே எனக்குக் கட்டாயத்தில் எதிர்ப்பு இல்லை. பிள்ளை வர வேண்டும் என்பது கட்டாயம் என்றால், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற ஒன்றை ஆசிரியர் வைத்திருப்பதும் கட்டாயமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் யுத்தத்திலும் சுனாமியிலும் உடம்பில் குறை வந்தவர்கள் எத்தனை பேர். அவர்களின் பிள்ளைகளிலும் எத்தனையோ வகைப் பிள்ளைகள். உடம்பு பருத்த பிள்ளை, இழுப்பு உள்ள பிள்ளை, பயந்த பிள்ளை. தலைவர்மார் இருவரும் மாறி மாறி ஆள் தெரிவு செய்யும்போது கடைசியாக நிற்கிற பிள்ளை. அவர்களுக்கு அந்த 40 நிமிடம் என்னவாக இருக்கிறது என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

9. படுவான்கரை சேர்
ஞாயிறு, மாலை 5.20

அண்ணன், என் மரத்தடியிலும் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறான். நாளை காலை முதல் வேலை அவனிடம் போவது.

10. இரவுக் கடமை
திங்கள், அதிகாலை 2.30

தாதியாக வேலை செய்கிறேன், கல்முனைப் பக்கம். கடமை நேரத்துக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிட உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலகம் முழுக்க 80 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த அளவை எட்டுவதில்லை என்பதும் அவர்கள் வெளியிட்ட கணக்கு. பெண் பிள்ளைகள் இன்னும் கீழே. இலங்கையில் நடக்கிற மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தொற்றா நோய்களால். நெஞ்சு வருத்தம், பாரிசவாதம், சீனி என்கிற நீரிழிவு, புற்றுநோய். எங்கள் வார்ட்டில் சீனிப் புண்ணோடு வருகிறவர்களில் 40 வயது தாண்டாதவர்களையும் பார்க்கிறேன். எங்கள் ஆட்களுக்கு உடம்பு மெலிவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு வைக்கும், சீனி வெள்ளனவே வரும். பிள்ளை ஒல்லிதானே என்று நினைக்க வேண்டாம்.

எலும்பு உறுதியாவதும் அந்த வயதில்தான். குதிப்பது, ஓடுவது, பாரம் தாங்குவது எலும்பைத் தடிக்க வைக்கும். தரம் 10, 11இல் கதிரையில் இருத்தி வைத்த காலத்தை 40 வயதில் திருப்பி எடுக்க ஏலாது.

கிழமைக்கு இரண்டு பாடவேளையால் இந்த 60 நிமிடம் நிரம்பாது. ஆனாலும் உடம்பை அசைக்கப் பழகிய பிள்ளை பின்னேரம் தானே கூப்பிடாமல் வெளியே போகும். அதுவே எனக்குப் போதும்.

11. கணித ஆசிரியர், பட்டிருப்பு வலயம்
திங்கள், மாலை 3.15

எல்லாவற்றையும் வாசித்தேன். ராத்தா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் வகுப்பில் சைக்கிளில் வருகிறவர்களை இன்று எண்ணிப் பார்த்தேன். 17 பேர். அதில் பெண் பிள்ளைகள் நான்கு.

ஒரு பயம் மட்டும் இன்னும் இருக்கிறது. வெயில். பங்குனி, சித்திரையில், அதற்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், பத்து மணிக்கு மேல் எங்கள் மைதானத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. 2024இல் வெப்பம் கூடிய நாட்களில் வெளியே விளையாட வைக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சே அறிவித்தது. மரதன் ஓட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. கட்டாயம் என்று எழுதி, நேரசூசியில் பதினொரு மணிக்குப் போட்டு, ஒரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு?

12. படுவான்கரை சேர்
திங்கள், இரவு 8.00

நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி சேர். அதற்காகவே நான் கட்டாயம் என்கிறேன்.

வருடம் முழுக்க வகுப்பறையில் இருந்த பிள்ளையைப் போட்டி என்று ஒரு நாள் கூப்பிட்டு ஐந்து, பத்துக் கிலோமீற்றர் ஓடவிடுவதுதான் ஆபத்து. அதை நான் பலமுறை எதிர்த்திருக்கிறேன், சிலவேளை நானே நடத்தியும் இருக்கிறேன். முன் பயிற்சி இல்லை, வைத்தியப் பரிசோதனை இல்லை, வழியில் தண்ணீர் இல்லை, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் மைதானத்துக்கு வருகிற பிள்ளையை எனக்குத் தெரியும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் முகம் வெளிறுகிறது, யார் காலையில் பிளேன்ரீயோடு வந்தது எல்லாம் தெரியும். தெரியாத பிள்ளையைத்தான் நான் கொன்றுவிடக்கூடும். இதை எழுதவே கை நடுங்குகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

நேரத்துக்கு வழி இருக்கிறது. பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. உடற்கல்வியை முதல் மூன்று பாடவேளைக்குள் போட்டால் ஒன்பதரைக்குள் முடியும். அந்த நேரம் கணிதத்துக்கு வேண்டும், காலையில்தான் பிள்ளைக்கு மூளை வேலை செய்யும் என்று நேரசூசி போடுகிறவர்கள் சொல்வார்கள். சேர், உங்கள் பாடசாலையிலும் அந்த நேரம் உங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

13. புளியந்தீவுக்காரன்
செவ்வாய், காலை 9.40

சொன்னபடி வந்தேன். எனக்கு இப்போது 66 வயது.

மட்டக்களப்பு நகரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூடைப்பந்து என்றால் வெபர் அடிகளார் ஞாபகம் வராமல் இருக்காது. அமெரிக்காவின் நியூ ஓர்லீன்சில் இருந்து வந்த யேசுசபைக் குரு. புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தில் நாடு முழுக்கப் பேர் எடுத்ததற்கு அவர் பெரிய காரணம். நகரத்து மைதானத்துக்கே வெபர் மைதானம் என்று பெயர் வைத்தோம். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கத்தின் பேரைச் சொல்லித்தான் எங்களைப் பாயவும் விரட்டினார்கள். அந்தக் காலத்தில் பின்னேரம் ஆனால் ஒரு பொடியன் வீட்டில் இருந்தால் வருத்தமா என்று கேட்பார்கள்.

அப்புறம் எல்லாம் மாறியது. 1990இல் யுத்தத்தால் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாகின. மைதானங்களில் கூடாரம் இருந்தது, முகாம் இருந்தது. பொழுதுபட முன் பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் வளர்ந்தார்கள், முற்றத்தைத் தாண்டி விடவில்லை. நான் குறை சொல்லவில்லை, உயிர்ப் பயம். இப்போது அந்தப் பயத்துக்குக் காரணம் போய் எத்தனை வருடம். பழக்கம் மட்டும் போகவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். பள்ளி, வான், ரியூசன், போன், நித்திரை. வெளியே விட எனக்கே மனம் வருவதில்லை. அதனால்தான் பாடசாலை அதைச் செய்ய வேண்டும் என்கிறேன். எங்களால் ஏலாமல் போனதை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். படுவான்கரை சேர் 60 பேர் ஓட 360 பேர் பார்ப்பதாக எழுதினார். நம் பக்கத்து ஊர்களில் கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி நடக்கும். ஊர் முழுக்க வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்பு இரண்டைக் கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். உனக்குப் பலம் இருக்கிறதா, நீ மாகாண மட்டத்துக்குப் போவாயா என்று யாரும் கேட்பதில்லை. எந்தச் சேரியில் பிறந்தாயோ அந்தச் சேரியின் வடத்தில் உன் கை இருக்க வேண்டும். விளையாட்டை அப்படி வைத்திருந்த மனிதர்கள் நாங்கள்.

14. தரம் 12, வர்த்தகப் பிரிவு
செவ்வாய், மாலை 6.00

ஐயா, நான் வடசேரி. அப்பா இன்னும் அந்தக் கதை சொல்லுவார்.

15. நாவற்குடா அம்மா
இரண்டு கிழமைக்குப் பிறகு, வெள்ளி, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை வகுப்புப் பெற்றோர் கூட்டம். நான் எழும்பி, உடற்கல்விப் பாடவேளை ஏன் நடப்பதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு அப்பா, "பரீட்சை முடியட்டும் தங்கச்சி, பிறகு விளையாடலாம்" என்றார். தரம் 9 முடிந்தால் தரம் 10, அது முடிந்தால் 11, எப்போது பரீட்சை முடியும் என்று கேட்டேன். அப்போது பின்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பி, தன் மகளுக்கு 14 வயதிலேயே முழங்கால் நோகிறது, மாடி ஏற ஏலாது என்று சொன்னா. அப்புறம் மற்றவர்களும் கதைத்தார்கள்.

அதிபர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றைச் சம்மதித்தார். தரம் 6 முதல் 9 வரை உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்தால் தன்னிடம் எழுதிக் கேட்க வேண்டும். தரம் 10, 11 பற்றிக் கேட்டேன். அது மேலிடத்து நேரசூசி, தன் கையில் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை முதல் பாடவேளைக்கு முன் அரை மணி நேரம், விரும்புகிற பிள்ளைகளுக்கு மைதானம் திறக்கலாம் என்றார். விரும்புகிற என்ற சொல்லில் எனக்கு ராத்தா எழுதியது ஞாபகம் வந்தது. விரும்புகிற பிள்ளைகள் வேண்டாம் சேர், வகுப்பு முழுக்க வரட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் வைக்கப் போகிறார்.

படிவத்தை நேற்றுக் கொடுத்தோம். மகள் தகவல் தொழினுட்பம்தான் எடுத்தாள். நான் தடுக்கவில்லை, அது அவளுக்கு உண்மையிலேயே பிடிக்கும். கணினியையும் ஓடுவதையும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக வைத்து ஒரு பிள்ளையைத் தெரியச் சொல்கிற அந்தத் தொகுதியில்தான் எனக்குக் கோபம். அதை மாற்றும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

படுவான்கரை சேர், ஒரு உதவி. சங்கத்தில் பொருட்களுக்குக் கொஞ்சக் காசு தரலாம் என்கிறார்கள். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஒருவரும் மரத்தடியில் இருக்கக் கூடாது. என்ன வாங்கச் சொல்லட்டும்?

16. கணித ஆசிரியர், பட்டிருப்பு வலயம்
வெள்ளி, இரவு 9.10

சேர் பதில் எழுதுவதற்குள் நானும் சொல்லிவிடுகிறேன். தரம் 6 முதல் 9 வரை நான் இனிக் கேட்க மாட்டேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். செவ்வாய் இரண்டாவது பாடவேளை என்னுடையது, அதை அவருக்கு மாற்றிக் கொடுக்க நேரசூசிக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். தரம் 11 மூன்றாம் தவணைக்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை. அந்த 25 பிள்ளைகளுக்கு வேறு யாராவது ஒரு மணி நேரம் தந்தால் நான் மைதானத்துப் பக்கமே வர மாட்டேன்.

17. படுவான்கரை சேர்
சனி, காலை 5.50

தங்கச்சி, முதலில் பந்து வாங்க வேண்டாம். ஒரு பந்துக்கு 40 பேர் பின்னால் ஓடினால் நான்கு பேர்தான் விளையாடுவார்கள்.

மட்டக்களப்புச் சந்தைப் பக்கம் இரும்புக் கடைகளில் நைலோன் கயிறு மீற்றர் கணக்கில் வாங்கலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டரை மீற்றர். 40 பிள்ளைக்கு 100 மீற்றர் சுருள் ஒன்று. வெட்டி நுனியை நெருப்பில் சுட்டுவிடுங்கள், பிரியாது. கயிறடிக்க நிழலில் கொஞ்ச இடம் போதும், மைதானத்தில் தண்ணீர் நின்றாலும் மண்டபத்துக்குள் செய்யலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் அசைவார்கள்.

அப்புறம் கிளித்தட்டு, கோட்டில் நிற்கிறவர்கள் மறிக்க மற்றவர்கள் தாண்டி ஓடுகிற விளையாட்டு. அதற்குக் காசே இல்லை. ஒரு கம்பால் கோடு கீறினால் சரி. இரண்டு தட்டுப் போட்டால் வகுப்பு முழுக்க உள்ளே. ஓட ஏலாத பிள்ளை கோட்டில் நின்று மறிக்கலாம், மறிப்பதில் கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சக் காசு இருந்தால் பழைய ரென்னிஸ் பந்து 20. துணிக்குள் மணல் கட்டி எறிவதற்குப் பைகள், அதை ரீச்சர்மாரும் பிள்ளைகளும் தைக்கலாம். ஒரு தண்ணீர்த் தாங்கியும் குழாய் நான்கும் போட முடியுமா என்று கேளுங்கள். எட்டு நிமிடம் நான்கு நிமிடமாகும்.

மரத்தடி அண்ணன், என் பொடியனிடம் போனேன். இவ்வளவு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தான். விசில் ஊதித் தரட்டுமா என்று கேட்டான். இல்லை, நீயும் எறி என்று மணல் பையைக் கையில் கொடுத்தேன். 11 மீற்றர் எறிந்தான். அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறேன்.